நியூனம் கல்லூரியை ஏன் வீடு மாதிரி கட்டினார்கள்?

கேம்பிரிட்ஜில் உள்ள நியூனம் மகளிர் கல்லூரியின் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரின் பழைய கல்லூரிகளில் இருக்கும் கோட்டை வாசல், கற்சுவர், தேவாலயம் எதுவும் இல்லாமல் செங்கல் பங்களாக்களை வரிசையாகச் சேர்த்து வைத்த மாதிரி இருப்பது ஏன்? பணம் போதாமல் அப்படிக் கட்டினார்களா? அதில் கல்லூரி எது, விடுதி எது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் கல்லூரி என்றால் வகுப்பறைகள். விடுதி என்பது பின்பக்கம் தனியாக நிற்கும் கட்டடம். கேம்பிரிட்ஜில் அப்படி இல்லை. விரிவுரை நடத்துவது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்குவது, சாப்பிடுவது, ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து படிப்பது ஆகியவை கல்லூரியில் நடக்கும். எனவே அங்கே ஒரு கல்லூரியைத் தொடங்க முதலில் தேவைப்படுவது தங்க ஒரு வீடு. நியூனமும் வாடகை வீட்டில்தான் தொடங்கியது.

1870இல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று தனி விரிவுரைகள் ஆரம்பமாயின. தத்துவ ஆசிரியர் ஹென்றி சிஜ்விக்கும், பின்னால் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவரான மில்லிசென்ட் ஃபாசெட்டும் இதற்கு முன்நின்றவர்கள். உள்ளூர்ப் பெண்கள் வந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெளியூர்ப் பெண்கள் எங்கே தங்குவது? 1871இல் சிஜ்விக் ரீஜென்ட் தெருவில் 74ஆம் எண் வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஆன் ஜெமைமா கிளஃப் என்பவரை அழைத்து வந்து பொறுப்பை ஒப்படைத்தார். கிளஃபுக்கு அப்போது 51 வயது. பள்ளிகள் நடத்திய அனுபவம் உண்டு. முதல் வருடம் ஐந்து மாணவியர். அடுத்த வருடம் மெர்ட்டன் ஹால் என்ற பழைய வீட்டுக்கு மாறினார்கள். அந்தக் குத்தகை முடிந்ததும் 1874இல் பேட்மன் தெருவில் இரண்டு வீடுகள். சட்டி பானையோடு இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்க முடியாது என்ற நிலையில்தான் சொந்தக் கட்டடம் என்ற யோசனை வந்தது.

அந்த முதல் ஐந்து பேரில் ஒருவர் மேரி பேலி. 1874இல் அவரும் ஏமி பல்லி என்பவரும் பல்கலைக்கழகத்தின் டிரைபாஸ் (பட்டத்துக்கான சிறப்புத் தேர்வு) தாள்களை எழுதினார்கள். பெண்கள் தேர்வுக் கூடத்துக்குள் நுழைய முடியாது என்பதால், பேராசிரியர் கென்னடியின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதினார்கள். அது அதிகாரப்பூர்வத் தேர்வும் அல்ல. தேர்வாளர்கள் மனமுவந்து திருத்திக் கொடுத்தால்தான் உண்டு. நியூனத்தின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள இந்த வரவேற்பறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குள் இடம் கிடைக்காத இந்தப் பெண்களை ஏற்றுக்கொண்டவை வீடுகள்தான்.

செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தமான இரண்டரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நியூனம் ஹால் என்ற முதல் கட்டடம் 1875 அக்டோபரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஓல்டு ஹால். வடிவமைத்தவர் பாசில் சாம்ப்னீஸ். 1874 முதல் 1910 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம், இந்தக் கல்லூரியின் முக்கியக் கட்டடங்கள் எல்லாவற்றையும் இவரே வரைந்தார். இது அபூர்வமான விஷயம். பெரும்பாலான பழைய கல்லூரிகள் நூற்றாண்டுக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு பாணி என்று வளர்ந்தவை. நியூனத்தில் துண்டு துண்டாகக் கட்டியும் ஒரே கை தெரிகிறது.

அவர் எடுத்துக்கொண்டது குயின் ஆன் பாணி. சிவந்த செங்கல், வெள்ளை வண்ணம் பூசிய மரச் சன்னல்கள், சுவரிலிருந்து வெளியே புடைத்து நிற்கும் சன்னல் மாடங்கள், டச்சு வீடுகளைப் போல வளைந்து ஏறும் கூரை முகப்புகள், உயரமான புகைபோக்கிகள். 1870களில் லண்டனில் புதிதாக வீடு கட்டிய படித்த, முற்போக்கான குடும்பங்கள் விரும்பிய பாணி இது. கல்லூரி என்றால் பழைய தேவாலயங்களைப் போலக் கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் சாம்ப்னீஸ் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார். அவருக்கு கோதிக் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மான்செஸ்டரில் 1900இல் திறந்த ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் அவர் கட்டியதுதான். கற்கோயில் போல இருண்டு உயர்ந்த சுத்தமான கோதிக். நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒரு தகவல்: ஆக்ஸ்போர்டின் இந்தியன் இன்ஸ்டிட்யூட் கட்டடமும் அவருடையது. கூரை உச்சியில் காற்றுத்திசை காட்டியாக ஒரு யானை நிற்கும்.

அப்படியானால் நியூனத்துக்கு ஏன் வீட்டுப் பாணி? இங்கே கிர்டன் கல்லூரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எமிலி டேவிஸ் 1869இல் ஹிட்சின் என்ற ஊரில் ஐந்து மாணவியரோடு தொடங்கிய கல்லூரி, 1873இல் கேம்பிரிட்ஜிலிருந்து சுமார் இரண்டரை மைல் தள்ளி கிர்டன் கிராமத்துக்கு வந்தது. ஆண்கள் எழுதும் அதே தேர்வு, அதே கால அவகாசம், அதே விதிகள், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்பது டேவிஸின் கொள்கை. கட்டடமும் அதையே பேசியது. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய கிர்டன் ஒரு முழுக் கல்லூரியாகவே எழுந்து நின்றது. பின்னால் கோபுரமும் வந்தது. ஊருக்குள் வைத்தால் இளைஞர்கள் தொல்லை, ஊர்ப் பேச்சு என்ற அச்சத்தில்தான் அவ்வளவு தள்ளிப் போனார்கள்.

சிஜ்விக்கும் கிளஃபும் வேறு வழியில் போனார்கள். எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படிக்கட்டும், பாதியில் போகிறவர்களும் வரட்டும், முதலில் பெண்கள் வந்து சேரட்டும் என்பது அவர்கள் எண்ணம். விரிவுரையாளர்கள் நடந்து வரும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதால் ஊர் ஓரமாகவே இடம் பிடித்தார்கள். ஒரு பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கும் தகப்பனுக்குக் கோட்டை வாசலைவிட ஒரு பெரிய வீட்டின் முகப்பு தைரியம் கொடுக்கும். எதிர்ப்பவர்களுக்கும் அது சவாலாகத் தெரியாது. இதை அடக்க ஒடுக்கம், பயம் என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சின்னதாக, நட்பாகத் தெரியும் ஒரு வீட்டைக் கட்டி, அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டி, இரண்டையும் சேர்த்து, முப்பத்தைந்து வருடத்தில் அசைக்க முடியாத ஒரு கல்லூரியை எழுப்பியவர்களைப் பயந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

பணம் பற்றிக் கேட்டீர்கள். குறைவுதான். பழைய கல்லூரிகளுக்கு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நிலங்களும் மானியங்களும் இருந்தன. இங்கே நன்கொடை வந்தால்தான் செங்கல். அது தெரிவது கட்டடத்தின் அழகில் அல்ல, அறைகளின் அளவில். கிர்டனில் ஒரு மாணவிக்குப் படிக்க ஒன்று, படுக்க ஒன்று என இரண்டு அறைகள். நியூனத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறை. பகலில் கட்டிலுக்கு மேல் விரிப்புப் போட்டால் அது சோபா. ஒரு மேசை, புத்தக அலமாரி, சொந்தமாக ஒரு கணப்பு, பக்கத்தில் கரி வாளி. இரவில் ஒருத்தியின் கணப்பைச் சுற்றி நாலைந்து பேர் கூடிக் கோகோ காய்ச்சிக் குடிப்பது அந்தக் கால மகளிர் கல்லூரிகளின் பெரிய சடங்கு. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். வசதியான வீட்டில்கூட, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஒரு மகளுக்குத் தனி அறை கிடைக்காத காலம் அது.

அறைகளை அடுக்கிய விதம் இன்னும் முக்கியம். ஆண்கள் கல்லூரிகளில் முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மாடிப்படிகள் இருக்கும். ஒவ்வொரு மாடிப்படியிலும் சில அறைகள். ஒரு படியில் இருப்பவர் அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால் வெளியே இறங்கி, முற்றத்தில் நடந்துதான் போக வேண்டும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நியூனத்தில் மாடிப்படிக்குப் பதில் காரிடார். இரு பக்கமும் அறைகள், நடுவில் நீண்ட நடை. இதில் கண்காணிப்பு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொறுப்பாளரின் கண்ணில் படாமல் யாரும் வெளியே போக முடியாது. துணை இல்லாமல் பெண்கள் ஊருக்குள் போவதே பேச்சுக்கு இடமான காலம். ஆனால் அதே காரிடார்தான், மழையிலும் பனியிலும் நனையாமல் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு, தோழியின் அறைக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்க வழி விட்டது. கட்டடங்கள் பெருகப் பெருகக் காரிடாரும் நீண்டுகொண்டே போனது. இன்று ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கூரைக்குள்ளேயே நடக்கலாம். விடுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாதிப் படிப்பு காரிடாரில்தான் நடக்கிறது.

அடுத்த கட்டடம் 1880இல் வந்த நார்த் ஹால். இப்போது சிஜ்விக் ஹால். சிஜ்விக்கின் மனைவி எலினோர் அதன் பொறுப்பை ஏற்று, கணவனும் மனைவியுமாக அங்கேயே குடியிருந்தார்கள். அடுத்த வருடமே, 1881இல், பெண்கள் டிரைபாஸ் தேர்வை உரிமையோடு எழுதலாம் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. தேர்வு எழுதலாம், முடிவை வெளியிடுவார்கள், பட்டம் மட்டும் கிடையாது. 1888இல் கிளஃப் ஹால், அதோடு பெரிய சாப்பாட்டுக் கூடம். உயர்ந்த சன்னல்களும் வெண்சாந்து வேலைப்பாடும் கொண்ட அந்தக் கூடம்தான் நியூனம் முதல்முறையாக ‘நான் ஒரு கல்லூரி’ என்று குரலை உயர்த்திச் சொன்ன இடம் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து, 1890இல், மில்லிசென்ட் ஃபாசெட்டின் மகள் ஃபிலிப்பா இங்கிருந்து கணிதத் தேர்வு எழுதினார். முதலிடம் பெறுபவருக்கு சீனியர் ராங்ளர் என்று பட்டப்பெயர். ஆண்களின் பட்டியலை வாசித்து முடித்துப் பெண்களின் பட்டியலுக்கு வந்தபோது, ஃபிலிப்பாவின் இடம் ‘சீனியர் ராங்ளருக்கும் மேலே’ என்று அறிவித்தார்கள். அன்றிரவு கல்லூரியில் தீ மூட்டி ஆடிப் பாடினார்கள். பட்டம் அவருக்கும் இல்லை.

கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிக்கல் இருந்தது. ஓல்டு ஹாலுக்கும் சிஜ்விக் ஹாலுக்கும் இடையே ஒரு பொதுப்பாதை ஓடியது. யார் வேண்டுமானாலும் கல்லூரியின் குறுக்கே நடந்து போகலாம். அதை மூட வேண்டுமென்றால் பதிலுக்கு வேறு பாதை கொடுக்க வேண்டும். நீண்ட இழுபறிக்குப் பிறகு வளாகத்தின் ஓரமாகப் புதிய சாலை போடப்பட்டது. சிஜ்விக் தம்பதியர் தங்கள் பணத்தையும் அதில் போட்டார்கள். இன்றைய சிஜ்விக் அவென்யூ அதுதான். பழைய பாதை மூடப்பட்ட இடத்தில் 1893இல் ஃபைஃபர் கட்டடம் எழுந்து இரண்டு ஹால்களையும் இணைத்தது. கவிஞர் எமிலி ஃபைஃபரும் அவர் கணவரும் பெண் கல்விக்கு விட்டுச்சென்ற சொத்திலிருந்து வந்த பணம். அதன் நடுவில் வளைவு வாசல். 1892இல் கிளஃப் இறந்தார். அவர் நினைவாக 1894இல் அந்த வளைவில் வெண்கலக் கதவுகளைப் பொருத்தினார்கள். இருபது வருடமாக வீடாக இருந்த இடத்துக்கு அப்போதுதான் ஒரு கல்லூரி வாசல் வந்தது.

அந்தக் கதவுகளின் கதை நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1897 மே மாதம் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதா என்று பல்கலைக்கழகம் வாக்கெடுத்தது. தேர்வு எழுதிய பெண்களுக்கு வாக்கு இல்லை. பட்டம் பெற்ற ஆண்கள் ரயிலேறி வந்து எதிர்த்து வாக்களித்தார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்ணின் கொடும்பாவியைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு, தீர்மானம் தோற்றதும் அதைக் கிழித்து, நியூனத்தின் மூடிய கதவுக் கம்பிகளுக்கு இடையே திணித்தார்கள். 1921 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி தோல்வி. முழுப் பட்டம் கிடையாது, பெயரளவுப் பட்டம் மட்டும் என்றார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடிய மாணவர் கும்பல் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வெண்கலக் கதவுகளில் மோதி, அடிப்பகுதியை உடைத்தது. கிளஃபின் நினைவுச் சின்னத்துக்குச் செய்த காரியம் அது. இவ்வளவு வருடம் கழித்துப் படிக்கும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி, மறுக்கப்பட்டதற்குப் பதிலாகக் கட்டிக்கொண்ட இரண்டு கட்டடங்கள். வளாகத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒன்று, ஆய்வுக்கூடம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிது என்பதால் 1879இலேயே தோட்டத்தில் சொந்தமாக ஒரு வேதியியல் கூடம் கட்டினார்கள். அங்கே பல வருடம் ஆட்சி செய்தவர் ஐடா ஃபிராயிண்ட், ஆஸ்திரியாவில் பிறந்து கிர்டனில் படித்தவர். இளம் வயதில் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர். தேர்வு நெருங்கும் சமயம், தனிம அட்டவணையைப் படிக்க வாருங்கள் என்று மாணவியரைக் கூடத்துக்கு அழைப்பாராம். போனால் மேசை மேல் அட்டவணை முழுவதும் கேக்குகளாக இருக்கும். ஒவ்வொரு கேக்கின் மேலும் ஐசிங்கில் ஒரு தனிமத்தின் பெயரும் அணு எடையும். கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் சாக்லேட். 1884இல் உயிரியலுக்கும் தனியாக ஒரு கூடம் வந்தது. ஊருக்குள் பயன்படாமல் கிடந்த ஒரு தேவாலயக் கட்டடத்தை வாங்கி மாற்றினார்கள். ஆல்ப்ஸ் மலையில் விபத்தில் இறந்த ஃபிரான்சிஸ் பால்ஃபர் என்ற உயிரியலாளரின் பெயரில் அது நடந்தது. எலினோர் சிஜ்விக் அவருடைய சகோதரி. பல்கலைக்கழகம் தன் ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிட்ட பிறகு இவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தோட்டத்துக் கூடம் இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே நாடகமும் இசையும் நடக்கின்றன.

மற்றொன்று, நூலகம். பல்கலைக்கழக நூலகத்தில் ஆண் மாணவர்களுக்கு இருந்த உரிமை இவர்களுக்கு இல்லை. ஆகவே நல்ல நூலகம் என்பது நியூனத்துக்கு அலங்காரம் அல்ல, சாப்பாடு மாதிரி. 1897இல், அந்தக் கொடும்பாவி வருடத்திலேயே, சுவடிகள் சேகரிப்பவரான ஹென்றி யேட்ஸ் தாம்சனும் அவர் மனைவியும் கொடுத்த நிதியில் நூலகம் திறந்தது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரை, சாந்து வேலைப்பாடு, மேலே சுற்றி மாடம், அணியணியாக அலமாரிகள். பத்து வருடத்தில் அதையும் நீட்ட வேண்டியதாயிற்று. 2004இல் பின்புறம் புதிய பகுதி சேர்த்திருக்கிறார்கள்.

தேவாலயம் மட்டும் கட்டவே இல்லை. மதக் கொள்கைக்குக் கையெழுத்துப் போட மனம் ஒப்பாமல் 1869இல் தன் கல்லூரிப் பதவியையே விட்டவர் சிஜ்விக். எந்தச் சமயப் பிரிவையும் சேர்ந்த பெண் வரலாம் என்பது நியூனத்தின் அடிப்படைகளில் ஒன்று. படத்தில் தேவாலயம் இல்லாததற்குக் காரணம் அதுதான், பணம் அல்ல.

சாம்ப்னீஸின் கடைசி வேலைகள் 1906இன் கென்னடி கட்டடமும் 1910இன் பீல் ஹாலும். கென்னடி என்ற பெயர் எங்கேயோ கேட்டதாக இருக்கிறதா? மேரி பேலி தேர்வு எழுதிய வரவேற்பறையின் சொந்தக்காரர் குடும்பம்தான். அவருடைய மகள்களும் கல்லூரிக்காக உழைத்தவர்கள். பீல், கல்லூரியின் நெடுநாள் ஆதரவாளரான கிறைஸ்ட்ஸ் கல்லூரித் தலைவர். நியூனத்தில் சுவர்களுக்கு வைத்த பெயர்களை வாசித்தாலே யார் பக்கபலமாக நின்றார்கள் என்று தெரிந்துவிடும்.

1910க்குப் பிறகான கதை சுருக்கமானது. 1938இல் ஃபாசெட் கட்டடம். 1948இல்தான் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது. முதல் வாடகை வீட்டிலிருந்து எண்ணினால் 77 வருடம். 1960களில், முன்னாள் தலைவர் பெர்னல் ஸ்ட்ரேச்சியின் பெயரில் ஒரு நவீனக் கட்டடம் வந்தது. 1995இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயரில் ஒரு விடுதி. டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிய உதவிய எக்ஸ்ரே படத்தோடு பெயர் சேர்ந்த அவர் 1938இல் இங்கே மாணவியாகச் சேர்ந்தவர். 2010களின் கடைசியில் ஸ்ட்ரேச்சி கட்டடத்தை இடித்துவிட்டு டாரத்தி கேரட் கட்டடத்தைக் கட்டினார்கள்.

கிர்டன் 1979இல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. நியூனம் இன்றும் பெண்களுக்கு மட்டும். ஒரு காலத்தில் ஊர் ஓரம் என்று சொன்ன சிஜ்விக் அவென்யூவின் எதிர்ப்பக்கம்தான் இப்போது பல்கலைக்கழகத்தின் கலைத்துறைகள் பலவும் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் உள்ளே போய்த் தோட்டத்தையும் பாருங்கள். சாம்ப்னீஸின் கட்டடங்கள் வீதிக்கு முதுகைக் காட்டி, தோட்டத்தைப் பார்த்து நிற்பவை. சாலையிலிருந்து எடுத்த படங்களில் அவற்றின் உண்மையான முகம் தெரியாது. மற்றக் கல்லூரிகளில் புல்லில் கால் வைக்கக்கூடாது என்று பலகை இருக்கும். நியூனத்தில் மாணவியர் புல்தரையில் உட்கார்ந்து படிப்பார்கள்.

புதிய கேரட் கட்டடம் பழைய வரிசையோடு ஒட்டவில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். செங்கல்லை எடுத்துக்கொண்டு நகாசு வேலைகளை விட்டுவிட்டார்கள், அது சரிதான் என்பது என் கருத்து. சாம்ப்னீஸை நகலெடுத்திருந்தால் பொம்மை வீடாகியிருக்கும். பெயர் இன்னும் பொருத்தம். தொல்லியலாளர் டாரத்தி கேரட் நியூனத்தில் படித்தவர்; 1939இல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். அப்போது பெண்கள் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினர் அல்லர் என்பதால், பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த அவருக்கு அதன் நிர்வாகத்தில் வாக்கு கிடையாது. அது கிடைக்க அவர் இன்னும் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.